முழங்கால் மாற்றி 10 வாரம்: மாடித் தோட்டமும் கிரிவலமும் எப்போது?

அம்மா, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 64. வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 10 வாரம் ஆகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் 95 டிகிரி வரை மடங்குகிறது, சாயங்காலம் ஆனால் வீங்குகிறது. இடது முழங்காலிலும் தேய்மானம் உண்டு, ஆனால் அதற்கு இன்னும் ஆபரேஷன் வேண்டாம் என்றிருக்கிறார்கள். முன்பெல்லாம் மொட்டைமாடியில் 60 தொட்டி வைத்துக் காய்கறி வளர்த்தீர்கள். வருடத்தில் பாதிப் பௌர்ணமிக்காவது திருவண்ணாமலை போய் கிரிவலம் வந்தீர்கள். இந்த இரண்டுக்கும் எப்போது திரும்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பது நீங்கள் கடைசியாக எழுதிய வரி என்று எனக்குப் படுகிறது: "செயற்கை மூட்டு பத்து வருடம்தான் தாங்கும், எவ்வளவு குறைவாக நடக்கிறோமோ அவ்வளவு நாள் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்." அதாவது, இந்தக் காலைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வதா, தைரியமாகப் பயன்படுத்துவதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மாதக் கணக்கு சொல்வதில் பயனில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். 23 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி மூட்டு மாற்றிக்கொண்டவர்களோடுதான் போயிருக்கிறது. நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை, உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. உங்கள் எலும்பின் உறுதியையும் தசைநார்களின் நிலைமையையும் உள்ளே பார்த்தவர் உங்கள் டாக்டர். நான் சொல்வதும் அவர் சொல்வதும் முரண்பட்டால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் அந்தப் பத்து வருடக் கணக்கு. இது பழைய பேச்சு. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். முழு முழங்கால் மாற்றில் 100-க்கு 93 மூட்டுகள் 15 வருடம் தாண்டியும், சுமார் 90 மூட்டுகள் 20 வருடம் தாண்டியும், சுமார் 82 மூட்டுகள் 25 வருடம் தாண்டியும் மாற்றப்படாமல் இருந்தன. இவை அந்தக் காலத்தில் வைத்த மூட்டுகள் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நாட்டுக்காரர்கள் நாற்காலியிலேயே வாழ்பவர்கள், நம்மைப் போல் தரையில் புழங்குபவர்கள் இல்லை. அதனால் இந்த எண்ணை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்க முடியாது. இருந்தாலும் உங்கள் வயதில் மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவர் "இன்னும் பத்தே வருடம்" என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்று சொல்ல இது போதும்.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். தொடை எலும்பின் நுனிக்கு ஒரு உலோகத் தொப்பி, பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம். கீழே கால் எலும்பின் மேல் ஒரு உலோகத் தட்டு, பெரும்பாலும் டைட்டானியம். இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் துண்டு. தேய்வது என்றால் தேய்வது இந்த நடுத்துண்டுதான். நடக்க நடக்கக் கொஞ்சம் தேயும் என்பது உண்மை. ஆனால் ஒருவருக்கு மறு ஆபரேஷன் எதற்காக வருகிறது என்று பார்த்தால் தேய்மானம் மட்டும் காரணம் இல்லை. கிருமித் தொற்று, எலும்பிலிருந்து உலோகம் தளர்வது, மூட்டு நிலையில்லாமல் ஆடுவது, விழுந்து எலும்பு உடைவது எல்லாம் உண்டு. முதல் சில வருடங்களில் தொற்றுதான் பெரிய எதிரி. நடக்காமல் இருந்தால் இதில் எது குறையும்? எதுவும் குறையாது. தொடை மெலியும், எடை ஏறும், சர்க்கரை ஏறும், எலும்பு நொய்யும், கடைசியில் குளியலறையில் வழுக்கினால் தாங்கிப் பிடிக்கத் தசையில் வலு இருக்காது. காலைப் பொத்தி வைத்தவர்கள் நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே நடப்பது, தோட்ட வேலை, சைக்கிள், நீச்சல் இவற்றில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: பயன்படுத்துங்கள். ஓட்டமும் குதிப்பும் வேறு கதை. அவை மூட்டின் ஆயுளைக் குறைக்கிறதா இல்லையா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. நல்லவேளையாக உங்கள் ஆசைப் பட்டியலில் அவை இல்லை.

சரி, உலோகம் முதல் நாளே எலும்போடு சிமென்ட்டில் இறுகிவிட்டது, அதனால்தான் மறுநாளே உங்களை எழுப்பி நிற்க வைத்தார்கள் என்றால், 10 வாரம் கழித்தும் ஏன் இந்தப் பாடு? ஆற வேண்டியது மூட்டைச் சுற்றியுள்ள சதையும், முக்கியமாகத் தொடையின் முன்பக்கத் தசையும். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் அந்தத் தசை தன் பழைய வலுவில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தசை மெலிவது மட்டும் காரணமில்லை. மூட்டு வீங்கியிருக்கும்வரை நரம்பு மண்டலமே அந்தத் தசைக்கு முழு உத்தரவு கொடுக்காமல் அடக்கி வைக்கிறது. வீக்கத்தைக் குறைப்பதும் தசையை எழுப்புவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்று நான் சொல்வது இதனால்தான். வலி போனதும் "குணமாகிவிட்டது" என்று நினைத்து மூன்றாம் மாதம் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். வலி போவது ஒரு கணக்கு, வலு வருவது இன்னொரு கணக்கு. இரண்டாவதற்கு ஒரு வருடம்கூட ஆகும்.

உங்கள் கால் எந்த இடத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். முடிகிறதா? முடிந்தால், எழும்போது உடம்பு இடது பக்கம் சாய்கிறதா என்று வீட்டில் ஒருவரை எதிரில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எடை பார்க்கும் மெஷின் இரண்டு கிடைத்தால் ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே ஒன்று வைத்து எழுந்து பாருங்கள், எந்தக் கால் உழைக்கிறது என்று எண் காட்டிக்கொடுத்துவிடும். பலர் ஆறு மாதம் ஆகியும் ஆபரேஷன் ஆன காலுக்கு வேலையே கொடுக்காமல் நல்ல காலாலேயே எழுந்துகொண்டிருப்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது. உங்கள் விஷயத்தில் இடது முழங்காலும் தேய்ந்திருப்பதால் இது ரொம்ப முக்கியம். வலது கால் ஏமாற்றுகிற பாரம் அத்தனையும் அந்த இடது முழங்காலுக்குத்தான் போகிறது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. 10 வாரத்தில் 95 டிகிரி என்பது எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் சும்மா விடும் அளவுக்கும் இல்லை. சமதரையில் நடக்க 65 டிகிரி போதும். படி இறங்க 90-லிருந்து 100 வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 105 இருந்தால் நல்லது. சைக்கிள் மிதி முழுச் சுற்று வரவும் ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசியில் 110-லிருந்து 120-க்குள் வந்து நிற்பார்கள். ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. முன்பே உங்களுக்கு 100 டிகிரிதான் மடங்கியது என்றால் 95 நல்ல எண்தான். முன்பு 125 மடங்கியிருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் போய்க் கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்து மூட்டை மெதுவாக மடக்கி உள்ளே ஒட்டிய திசுவை விடுவிக்கும் ஒரு முறை உண்டு. அது எல்லோருக்கும் தேவைப்படாது, ஆனால் தேவைப்படுபவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் கூடுதலாக இருக்கிறது. உங்களுக்கு அந்த மூன்று மாதம் முடிய இன்னும் ஏறக்குறைய மூன்று வாரம்தான் இருக்கிறது.

மடக்குவதைப் பற்றி எழுதினீர்கள், நீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னிடம் வருபவர்களும் இப்படித்தான், "எவ்வளவு மடங்குகிறது" என்பதே எல்லோர் பேச்சும். ஆனால் நடைக்கு நீட்டுதல்தான் அஸ்திவாரம். கால் முழுதாக நேராகவில்லை என்றால் நிற்கும்போதுகூடத் தொடைத் தசை ஓய்வில்லாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க அரைக்குந்தலில் நிற்பது போல. சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலிக்கு இதமாக இருக்கிறது என்று வீட்டில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே ஒரு மாதம் படுத்திருக்கிறார். மடக்கல் 115, அருமை. நீட்டல் 15 டிகிரி குறைவு. 200 மீட்டர் நடந்தால் தொடை நடுங்கிவிடும். அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. நீங்கள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலின் பின்பக்கம் மெத்தையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கால் தானாகத் தாழும்படி 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விடுங்கள். அந்த நிலையிலேயே தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணித் தளர்த்துங்கள். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள்.

பயிற்சியின் அளவைப் பற்றி எல்லோரும் நாள் கணக்கு கேட்கிறார்கள். நான் தருவது ஒரே ஒரு அளவுகோல்: மறுநாள் காலை. இன்று நீங்கள் செய்த வேலை சரியான அளவா என்பதை இன்று இரவு சொல்ல முடியாது. நாளைக் காலை எழுந்ததும் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். நேற்றுக் காலை இருந்த அளவே வீக்கம், அதே மடக்கல் என்றால் நேற்றைய வேலை சரி, இன்று கொஞ்சம் கூட்டலாம். வீக்கம் கூடி, மடக்க இறுக்கமாக இருந்தால் நேற்று அதிகம், இன்று பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். அளவு நாடாவை முழங்கால் சில்லின் நடுவில் சுற்றி தினமும் காலையில் சென்டிமீட்டரை ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன். சாயங்கால வீக்கம் 10 வாரத்தில் சகஜம். ஆறு மாதம்கூட இருக்கலாம். காலையில் வடிந்திருக்கிறதா என்பதே கேள்வி. துணி சுற்றிய ஐஸ் பேக் 15 நிமிடம், காலை இதயத்துக்கு மேலே உயர்த்திப் படுத்துக்கொண்டு வையுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த அளவுகோல் எனக்குத் தெரியாது. வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினால்தான் மடங்கும் என்று நம்பினேன். ஒரு பெரியம்மாவுக்கு அப்படி அழுத்தி மடக்கி, மறுநாள் அவர் கால் பந்து போல வீங்கி, ஒரு வாரம் பின்னால் போனோம். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, "நல்லதுக்குத்தானே செஞ்சே" என்றார். அதை நான் மறக்கவில்லை. இழுக்கிற வலி வரை போகலாம், கத்துகிற வலி வரை போகக் கூடாது.

மாடித் தோட்டத்துக்கு வருவோம். உங்களுக்குத் தடை தோட்டம் இல்லை, மாடிப்படி. மூட்டுக்குள் அளவுக் கருவி பொருத்தி அளந்தவர்கள் இருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு முழங்காலில் இறங்குகிறது. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கு வரை போகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நடக்கும்போது 175 கிலோ, படி இறங்கும்போது 245 கிலோ. உலோகம் இதைத் தாங்கும், உங்கள் இன்றைய தொடைத் தசை தாங்குமா என்பதே சந்தேகம். அதனால் முதலில் கீழ்ப்படி ஒன்றை மட்டும் வைத்துப் பழகுங்கள்: கைப்பிடியைப் பிடித்து வலது காலை மேலே வைத்து உடம்பைத் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். 10 தடவை, நாளுக்கு இரண்டு முறை. அது சுலபமான பிறகு மாடி. ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து. கைத்தடி வைத்திருந்தால் அது இடது கையில் இருக்க வேண்டும். பாதிப் பேர் ஆபரேஷன் ஆன பக்கமே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நம் வீடுகளில் மொட்டைமாடிக்குப் போகும் வெளிப்படி பெரும்பாலும் குறுகல், ஒரு பக்கம் கைப்பிடியே இருக்காது, மழையில் பாசி பிடித்திருக்கும். தோட்டத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் அந்தப் படிக்கு ஒரு இரும்புக் கைப்பிடி போடச் சொல்லுங்கள். வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறவே வேண்டாம், மாடியில் குழாயும் ஹோஸும் வேண்டும்.

மேலே போனபின் வேலை சுகம்தான். தரையில் இருக்கும் தொட்டிகளையும் க்ரோ பேக்குகளையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரும்பு ஸ்டாண்டோ, ஹாலோ பிளாக் கல் அடுக்கிப் பலகை போட்டதோ எதுவும் போதும். 60 தொட்டியையும் ஒரே மாதத்தில் மீட்க வேண்டியதில்லை, கத்தரியும் வெண்டையும் 15 தொட்டியில் ஆரம்பியுங்கள். தொட்டி மண்ணில் தென்னை நார்க்கழிவு கூடுதலாகக் கலந்தால் நகர்த்தக் கனம் குறையும், நகர்த்துவதை மட்டும் வேறு யாரிடமாவது விடுங்கள். உட்கார்ந்து செய்ய 18 அங்குல உயர ஸ்டூல் வேண்டும், மணைக்கட்டை வேண்டாம். எல்லாம் சரியாகப் போனால், மறுநாள் காலைக் கணக்கு ஒத்துழைத்தால், மூன்றாம் மாத முடிவில் அரை மணி நேரத் தோட்ட வேலை நியாயமான இலக்கு. இன்னொன்று: கையுறையும் செருப்பும் கட்டாயம். எலுமிச்சை முள்ளோ ரோஜா முள்ளோ குத்தி அது சீழ் பிடித்தால், அந்தக் கிருமி ரத்தத்தின் வழியாக மூட்டுக்குப் போய்க் குடியேற முடியும். உலோகத்தின் மேல் ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் வெளியேற்றுவது கடினம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மிகப் பெரிய தொல்லை. தோலில் புண், பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று எதுவானாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், செயற்கை மூட்டு இருக்கிறது என்று சொல்லிக் காட்டுங்கள். பல் எடுக்கும் முன் எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் உட்காருவதைக் கேட்கவில்லை, ஆனால் பூஜை, கோலம் என்று எப்படியும் வரும். முழங்கால் ஊன்றுவது காயம் ஆறியபின் மூட்டைக் கெடுக்காது, ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போன இடம் இருப்பதால் விசித்திரமாக இருக்கும், பலருக்குப் பிடிப்பதில்லை. சம்மணமும் குந்துவதும் வழக்கமான பழக்கமாக வேண்டாம் என்றே பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்கிறேன். ஆனால் தவறித் தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் பிசியோதெரபிஸ்ட் துணையோடு அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கோலத்தை நின்றபடி இடுப்பை வளைத்துப் போடுகிறவர் என்றால் தடையே இல்லை.

கிரிவலம். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதற்கு ஆசைப்பட்டு அவசரப்பட்டவர்களையும் பொறுமையாக இருந்து சாதித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 14 கிலோமீட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் உயரத்துக்கு ஒரு எட்டு 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் 23,000 எட்டுக்கு மேல் வரும். மூட்டுக்கு இது பிரச்சினை இல்லை, நல்ல சமதரைச் சாலை. ஆனால் ஒன்பது கிலோமீட்டருக்குப் பின் தொடைத் தசை களைத்து, கால் இழுபட ஆரம்பிக்கும்போது நடை கோணலாகும். வீக்கமும் விழுதலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான். ஒரு அம்மா நான்காம் மாதத்தில் வலியே இல்லை என்று பௌர்ணமி இரவில் முழுச் சுற்றும் நடந்துவிட்டார். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, சந்தோஷம் அப்படி. மறுநாள் கால் மடங்கவில்லை. பழைய இடத்துக்கு வர மூன்று வாரம் ஆனது. மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் மனம் உடைந்துபோய்விட்டார், அடுத்த ஆறு மாதம் கோயில் பக்கமே போகவில்லை.

அதனால் என் யோசனை இது. ஊரிலேயே தினசரி நடையைத் தொடங்குங்கள். இப்போது 15 நிமிடம் காலை, 15 நிமிடம் மாலை. மறுநாள் காலை சரியாக இருந்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீள நடை. ஐந்தாம் மாதத்தில் அந்த நீள நடை நான்கு கிலோமீட்டரைத் தொடலாம். தொட்டபின், பௌர்ணமி அல்லாத ஒரு நாளாகப் பார்த்துத் திருவண்ணாமலை போங்கள். கூட்டம் இருக்காது, வழியில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம், ஆட்டோ கிடைக்கும். வழியில் இருக்கிற எட்டு லிங்கங்களையே உங்கள் மைல்கல்லாக வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி லிங்கம், முடிந்தால் எம லிங்கம் வரை, அங்கிருந்து ஆட்டோ. அடுத்த மாதம் நிருதி லிங்கம். அதற்கடுத்து வருண லிங்கம். மீதி வலத்தை ஆட்டோவில் முடித்தாலும் வலம் வலம்தான், அண்ணாமலையார் கணக்குப் பார்க்கமாட்டார் என்று நான் நம்புகிறேன். இப்படிப் போனால் ஒன்பதாம் மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முழுச் சுற்று வரும் என்பது என் அனுபவக் கணிப்பு. இது ஆய்வு சொல்லும் எண் இல்லை. இடது முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் இன்னும் தள்ளிப் போகலாம். பௌர்ணமிக் கூட்டத்தில் நெரிசலும் இருட்டில் மிதிபடுவதும் இருப்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்காலா என்பது உங்கள் நம்பிக்கை சார்ந்தது, அதில் நான் தலையிட முடியாது. மருத்துவமாகச் சொல்ல வேண்டியது மட்டும் சொல்கிறேன்: பழகும் நடையெல்லாம் மெத்தென்ற ஷூவோடு நடங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் கூடவே கூடாது, தெரியாமல் ஏற்படும் ஒரு சிறு புண் மேலே சொன்ன தொற்று வழிதான். அப்படி இல்லையென்றால் கெட்டியான காலுறை போட்டு, தார் சூடு தணிந்த இரவிலோ விடியற்காலையிலோ நடக்கலாம்.

இதே கேள்வியோடு வேறு ஆசைகள் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள் மூட்டுக்கு மிகவும் இதமானது, நடையைவிடப் பாரம் குறைவு. சீட்டை உயர்த்தி, முழுச் சுற்று வராவிட்டால் முன்னும் பின்னும் ஆட்டித் தொடங்கலாம். நீச்சல் காயம் முழுக்க மூடியபின், தவளை உதை இல்லாமல். ஷட்டில் ஆடுகிறவர்கள் இரட்டையர் ஆட்டமாக, முன்பே ஆடிப் பழகியவர் என்றால், ஆறு மாதத்துக்கு மேல், டாக்டர் அனுமதியோடு. ஒற்றையர் ஆட்டம், ஓட்டப் பந்தயம் போன்றவற்றைப் பெரும்பாலான நிபுணர்கள் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

எது சகஜம், எது ஓட வேண்டிய அறிகுறி என்பதையும் எழுதிவிடுகிறேன். முழங்கால் தொட்டால் சூடாக இருப்பது, நடக்கும்போது டக் டக் என்று சத்தம், தழும்பருகே மரத்தல், இரவில் குடைச்சல் இவை பல மாதம் இருக்கலாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஆம்புலன்ஸ். தழும்பிலிருந்து கசிவு, காய்ச்சலோடு சிவந்த வீக்கம், நன்றாக இருந்த கால் ஒரே நாளில் ஊன்ற முடியாமல் போவது இவையும் காத்திருக்கக் கூடாதவை. ஒரு வருடம் கழித்துப் புதிதாக வலி வந்தாலும் காட்டுங்கள், வயதாகிவிட்டது என்று விடாதீர்கள்.

எல்லாம் செய்தும் எல்லோருக்கும் முழுத் திருப்தி வருவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பல நாடுகளில் கேட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தாங்கள் எதிர்பார்த்தபடி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று ஒரே பதில் கிடையாது. எக்ஸ்ரே நன்றாக இருந்தும் வலிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 10 வாரத்தில் அந்தத் தீர்ப்பை யாரும் எழுத முடியாது, உங்கள் கால் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது.

இந்த வாரம் மூன்று எண்ணை எடுத்து எழுதுங்கள்: ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது என்று பழைய ரிப்போர்ட்டில் இருக்கும், இப்போது நீட்டும்போது முழங்காலுக்குக் கீழே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழ முடிகிறது. அவற்றோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து இங்கே சொல்லுங்கள், படிக்கட்டுப் பயிற்சியை அதற்கேற்றபடி மாற்றி எழுதித் தருகிறேன்.